காத்திருக்கும் கண்



கண்ணின் முகப்பில் பளிங்குபோல் விளங்கும் கருவிழி, சிலருக்கு இளமையிலேயே மெலிந்து கூம்புபோல் முன்தள்ளுகிறது. கெரட்டோகோனஸ் என்பது அந்நோயின் பெயர். கண்ணைக் கசக்கும் பழக்கம் அதனை வளர்க்கும். உட்படலம் கிழிந்து நீர் புகுந்தால் பார்வை திடீரென மூடுபனியாகிறது. ஆறியபின் தழும்பு தங்கிப் பார்வையை மறைப்பின், மாற்றுக் கருவிழியே வழி.

அதற்கு ஆயத்தமாகும் சமண இளைஞன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். இமையழற்சி நீங்க மருந்திடுகிறான். மருத்துவமனையின் அழைப்புக்காகத் தொலைபேசியை அருகிலேயே வைத்திருக்கிறான். எனினும், விரைவில் கிடைக்கவேண்டும் என்று வேண்ட அவனுக்கு நா எழவில்லை. அவ்வேண்டுதல் எவரோ ஒருவரின் இறப்பையன்றோ விழைவது? மனத்தாலும் கொல்லாமை காப்பவனுக்கு இது கடும் நோன்பு.

அவன் விழையாவிடினும் இறப்பு வரும். உயிர் நீங்கிய உடலில் கண்ணை எடுப்பதில் இம்சை ஏது? நால்வகைத் தானங்களுள் இதனை ஔடத தானத்தில் சேர்ப்பது பொருந்தும். இறந்த 6 மணி நேரத்துக்குள் கண் வங்கிக்குச் சொல்லவேண்டும். அதுவரை இமைகளை மூடி, ஈரப்பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்துக. மூக்குக்கண்ணாடி அணிந்தவரும், கண்புரை அறுவை செய்துகொண்டவரும் தரலாம். அழுகைக்கிடையே எண்ணைத் தேட இயலாது. இன்றே நாட்காட்டியின் ஓரத்தில் குறித்து வையுங்கள்.