வாரண்ட் இல்லாமல் வீட்டுக்குள் நுழையலாமா?

(மரக்காணம் உப்பளத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விடியுமுன் நீங்கள் உப்பளத்தில் இறங்கிவிடுகிறீர்கள். வீட்டில் இருப்பது கிழவர்களும் குழந்தைகளும். அப்போது போலீஸ் வந்து, "அவசரம், வாரண்ட் தேவையில்லை" என்றால் அது சரியா? பாதி சரி, பாதி தவறு.

2023 மே மாதம் இதே வட்டாரத்தில், எக்கியார்குப்பத்தில், விஷச் சாராயம் பல உயிர்களைக் குடித்தது. பின்பு மாநிலமெங்கும் சாராய வேட்டை நடந்தது. விஷம் விற்றவனைப் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பெயரால் ஏழையின் பானை சட்டியை உருட்டி உடைக்க எவருக்கும் உரிமையில்லை.

சட்டம் சொல்வது என்ன? 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 44-வது பிரிவுப்படி, கைது செய்யவேண்டிய ஆள் உள்ளே இருப்பதாக நம்பக் காரணமிருந்தால் போலீஸ் நுழையலாம். 185-வது பிரிவுப்படி, விசாரணைக்கு வேண்டிய பொருள் அங்கே இருப்பதாக நம்பக் காரணமிருந்து, வாரண்ட் வாங்கப் போனால் தாமதம் ஆகிவிடும் என்றாலும் சோதனை போடலாம். மதுவிலக்கு போன்ற தனிச் சட்டங்களும் உண்டு.

ஆனால் 185-வது பிரிவில் வரும் அதிகாரி காரணத்தையும் தேடும் பொருளையும் முதலில் எழுதிவைக்க வேண்டும். அவரே சோதிக்க வேண்டும். முடியாவிட்டால் கீழுள்ளவருக்கு எழுத்து மூலம் உத்தரவு தரவேண்டும். அக்கம்பக்கத்துச் சுயேச்சையான சாட்சிகள் இருவராவது வேண்டும். வீட்டுக்காரர் உடனிருக்கலாம். பெண்களைப் பெண்ணே சோதிக்க வேண்டும். எல்லாம் வீடியோவில் பதிவாக வேண்டும். எடுத்த பொருளுக்குப் பட்டியல் எழுதி, பிரதியை வீட்டுக்காரருக்குக் கொடுக்க வேண்டும். எழுதிய காரணத்தின் நகல் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போகவேண்டும்.

அவசரம் என்பது வாரண்டை மட்டுமே தள்ளிவைக்கிறது, சட்டத்தை அல்ல!

இந்தக் கட்டுப்பாடுகள் எதற்கு? தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தியைப் பாருங்கள். 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறையும் போலீசும் வருவாய்த் துறையும் அந்த மலைவாழ் மக்கள் கிராமத்தில் புகுந்தன. வீடுகள் சூறையாடப்பட்டன. பதினெட்டுப் பெண்கள் மானபங்கப்படுத்தப்பட்டனர். மக்கள் விடாமல் வழக்காடினார்கள். 2011-இல் தர்மபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகளே என்றது; அதற்குள் 54 பேர் இறந்துவிட்டார்கள். 2023-இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பை உறுதி செய்தது. நீதி வர முப்பத்தோராண்டு!

ஆகவே கதவருகே மல்லுக்கு நிற்காதீர்கள். அது தனி வழக்காகிவிடும். அதிகாரியின் பெயரையும் ஸ்டேஷனையும் கேளுங்கள். சாட்சிக்குப் பக்கத்து வீட்டாரை அழையுங்கள். வெற்றுத்தாளில் கைநாட்டு வைக்காதீர்கள். பட்டியலின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். முறைதவறி எடுத்த பொருளைக் கோர்ட்டு தானாகத் தள்ளிவிடும் என்று இருந்துவிடாதீர்கள். தவறு நடந்தால் அன்றே மாஜிஸ்திரேட்டுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள்.

தனி ஆள் கேட்டால் அதட்டுவார்கள். தெருவே கூடி நின்று அமைதியாகக் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். இதை வீட்டிலிருக்கும் கிழவர்களுக்கும் பெண்களுக்கும் இன்றிரவே சொல்லிக்கொடுங்கள், தோழர்களே!