அப்பா ஏன் பேசுவதில்லை?

மலேசியாவில் தனியார் துறை ஊழியர்களின் குறைந்தபட்ச ஓய்வு வயது 2013 ஜூலை முதல் 60. முப்பது ஆண்டு ஷிப்டு வேலை பார்த்தவருக்கு ஓய்வு பெற்ற மறுநாளும் விடியற்காலை விழிப்பு வந்துவிடும். போக இடம் இருக்காது. இ.பி.எஃப். பணத்தைப் பற்றி வீட்டில் எல்லாரும் கேட்பார்கள். மனத்தைப் பற்றிக் கேட்பவர் யார்?

தூக்கம், பசி, பேச்சு மூன்றும் குறைந்தால் "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள், அன்பர்களே. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் காட்டலாம். சுகாதார அமைச்சின் 15555 எண்ணில் பேசலாம்.

அதற்கு முன், இன்றிரவு சாப்பிடும்போது "எப்படிப்பா இருக்கீங்க?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை எழுந்து போகாதீர்கள்.