இல்லக் கடனும் நம் பிள்ளைகளின் கல்வியும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

விழாக் குழுவினர் நமக்குக் குறித்தனுப்பிய தலைப்பு 'கல்வியில் நம் வளர்ச்சி' என்பதாகும். வளர்ச்சியைப் பேசப் பலர் இருக்கின்றனர்; நாம் வேறொன்றைப் பேச இசைவு தருக எனச் செயலாளரிடம் கேட்டுப் பெற்றோம். விழா மேடையில் கடனைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆயினும் முப்பதாண்டுக் காலமாக வருகைப் பதிவேட்டைத் திறந்து மூடிவரும் நமக்கு இதைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. பொங்கல் விடுமுறை கழிந்து பள்ளி திறக்கும் நாளில் சில பெயர்களை அழைத்தால் விடை வருவதில்லை. அப்பிள்ளைகள் நோயுற்றவர் அல்லர். படிப்பில் பின்தங்கியவரும் அல்லர். அவர்தம் பெற்றோர் செங்கல் சூளையில் முன்பணம் வாங்கிவிட்டனர். குடும்பம் புறப்பட்டால் பிள்ளையும் உடன் புறப்பட வேண்டியதுதான். மழை தொடங்கிச் சூளை வேலை நிற்கும்போது அவர்கள் திரும்புவர். அதற்குள் ஆண்டுத் தேர்வு முடிந்திருக்கும்.

முன்பணத்தை ஏன் வாங்கினர்? வேறு கடனை அடைக்க வாங்கினர். அந்த வேறு கடன் எவ்வளவு என்று கேட்டால், பெரும்பாலோர் ஒரு தொகையைச் சொல்லத் திணறுகின்றனர். நாம் இன்று பேச விழைவது இத்திணறலைப் பற்றியேயாகும்.

நாட்டளவில் ஒரு கணக்கு இருக்கிறது. தேசிய மாதிரி ஆய்வினர் 2019-ஆம் ஆண்டில் நடத்திய கடன், முதலீட்டு ஆய்வின்படி, இந்தியச் சிற்றூர்க் குடும்பங்களில் நூற்றுக்கு 35 குடும்பங்கள் கடன்பட்டவை. நகர்ப்புறத்தில் நூற்றுக்கு 22.4. சிற்றூர்க் குடும்பம் ஒன்றின் சராசரிக் கடன் ரூ.59,748. இந்தச் சராசரியைக் கண்டு யாரும் ஏமாறக் கூடாது. கடனே இல்லாத 65 குடும்பங்களையும் சேர்த்து வகுத்து வந்த ஈவு அது. கடன்பட்ட 35 குடும்பங்களுக்கு மட்டும் அதைப் பங்கிட்டால், குடும்பம் ஒன்றுக்கு ஏறத்தாழ ரூ.1,70,000 வருகிறது. எட்டாம் வகுப்பு மாணவனும் போடக்கூடிய கணக்குத்தான். ஆனால் செய்தித்தாளில் முதல் எண் மட்டுமே வரும்.

இன்னொன்றும் கருதத்தக்கது. 1951-52-இல் நடந்த அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வில், அரசும் கூட்டுறவும் வங்கியும் சேர்ந்து அளித்த கடன் நூற்றுக்கு எட்டுப் பங்கைக்கூட எட்டவில்லை. ஏனைய யாவும் வட்டிக்காரரிடமும் நிலக்கிழாரிடமும் வணிகரிடமும் உறவினரிடமும் வாங்கியவை. 2019 ஆய்விலோ சிற்றூர்க் கடனில் நூற்றுக்கு 66 பங்கு வங்கி முதலிய நிறுவனங்களுடையது. மாற்றம் பெரிதே, மறுப்பதற்கில்லை. ஆயினும் நிலமும் பட்டாவும் சம்பளச் சான்றும் உடையவர்க்கே வங்கியின் கதவு எளிதில் திறக்கிறது. எஞ்சிய 34 பங்கில்தான் நம் தெருவினர் பலர் நிற்கின்றனர்.

இது நேற்று முளைத்த நிலையன்று. 1891-இல் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் திரெமென்கீர் நம் மக்களின் நிலைமை குறித்து அறிக்கை எழுதினார். அதன் பின் 1892-இல் பஞ்சமி நிலம் வழங்கும் ஆணை பிறந்தது. அந்நிலத்தைப் பிறருக்கு விற்கக் கூடாதென்ற நிபந்தனை இருந்தும், பெரும்பகுதி பிறர் கைக்குச் சென்றது. தஞ்சையில் பண்ணையாளாக இருந்தோர் வாங்கிய கடன், அவர்தம் மக்கள் தலையிலும் ஏறியது. இளைஞர்களில் சிலர் இவை பழங்கதை என்பர். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-இல்தான் என்பதை அவர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். உழைப்பைப் பிணையாக வைத்துத் தரும் முன்பணம் கொத்தடிமைக் கடனாகும். அக்கடன் செல்லாது என்பதே அச்சட்டம். விடுவிக்கப்பட்டவர்க்குக் கோட்டாட்சியர் விடுவிப்புச் சான்று வழங்குவார். சூளைக்குச் சென்றவர் அங்கிருந்து வெளியேற இயலாதபடி தடுக்கப்பட்டால், அது இச்சட்டத்தின் கீழ் வரும் குற்றம்.

இனி நம் வகுப்பறைக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்பில் தனிவட்டி நடத்திக்கொண்டிருந்தோம். வங்கியில் நகைக்கடன் ஒன்பது வட்டி, ஊரில் வாங்கினால் மூன்று வட்டி, எது குறைவு என்று கேட்டோம். வகுப்பில் பாதிப் பிள்ளைகள் "மூன்று வட்டி, ஐயா" என்றனர். அவர்களை நகைக்க நமக்கு உரிமையில்லை. அவர்கள் வீட்டில் கேட்டதைத்தான் சொன்னார்கள். வங்கி சொல்லும் ஒன்பது, ஓராண்டுக்கு நூற்றுக்கு ஒன்பது. ஊரில் சொல்லும் மூன்று, ஒரு மாதத்துக்கு நூற்றுக்கு மூன்று, ஆண்டுக்கு 36. ஐந்து வட்டி என்பது 60. பத்து வட்டி என்பது 120. அதாவது ஓராண்டு முடியுமுன்னரே வாங்கிய பணத்துக்கு மேல் வட்டி மட்டும் கட்டியாகிவிடும், அசல் அசையாமல் இருக்கும்.

தண்டல் இன்னும் நுட்பமானது. 10,000 ரூபாய் தண்டல் என்று பெயர். கையில் தருவது 8,500. நாளொன்றுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். 'வெறும் 1,500தானே கூடுதல்' என்று தோன்றும். ஆனால் 8,500-ஐ நூறு நாளும் நாம் வைத்திருப்பதில்லை. முதல் நாளிலிருந்தே திருப்பிக் கொடுத்து வருகிறோம். சராசரியாக நம் கையில் நிற்பது 4,250 மட்டுமே. அதற்கு நூறு நாளில் 1,500 என்றால், ஆண்டுக்கு நூற்றுக்கு ஏறத்தாழ 129 ஆகிறது. காலையில் வாங்கி மாலையில் விற்கும் பூக்காரரும் காய்கறிக்காரரும் இந்த வட்டியைச் சுமந்துகொண்டு பிழைக்கின்றனர் என்பது நமக்கு வியப்பாகவே இருக்கிறது.

நம் பள்ளியில் படித்த அண்ணன் தங்கை இருவரின் தாயார், தம் கணக்கைப் பெயர் சொல்லாமல் கூற இசைந்துள்ளார். தந்தை கொத்தனாருக்குக் கையாள். தாய் நூறு நாள் வேலைக்கும் களையெடுப்புக்கும் செல்பவர். நல்ல மாதத்தில் இருவர் வரவும் சேர்ந்து 17,000. பத்தாம் வகுப்புக்குச் சென்ற மகனைச் சூளைக்கு அழைத்துச் செல்லப் போவதாகச் சொல்ல அவர் வந்தார். எவ்வளவு கடன் அம்மா என்று கேட்டோம். "எவ்வளவோ இருக்குதுங்க ஐயா" என்றார். ஒரு குறிப்பேட்டை எடுத்து மகனையே எழுதச் சொன்னோம்.

ஒருவரிடம் ஐந்து வட்டிக்கு 40,000, மாதம் 2,000. இன்னொருவரிடம் மூன்று வட்டிக்கு 30,000, மாதம் 900. அடகுக் கடையில் இரண்டரைப் பவுன் நகைமேல் இரண்டு வட்டிக்கு 25,000, மாதம் 500. தண்டல் ஒன்று, மாதம் 3,000. குழு லோன் இரண்டு. இரண்டுக்கும் மாதம் 3,200. மளிகைக் கடைப் பற்று 6,000 தனி. மாதந்தோறும் வட்டியாகவும் தவணையாகவும் வெளியேறுவது 9,600. வரவில் பாதிக்கும் மேல்! ஐந்து வட்டிக் கடனை வாங்கி 26 மாதம் ஆகியிருந்தது. மகன் பெருக்கிப் பார்த்தான்: 52,000 கட்டியாயிற்று, 40,000 அப்படியே நிற்கிறது. அவன் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டுத் தாயின் முகத்தைப் பார்த்தான். அவ்வம்மையார் நம்மைப் பார்த்தார். அந்த நேரத்தில் நாம் பேசிய பேச்சு எதுவும் நமக்கு நினைவில்லை.

எதற்காக வாங்கியவை என்றும் எழுதினோம். மாமனாரின் மருத்துவம், மகளின் மஞ்சள் நீராட்டு, கூரை மாற்றியது. நீராட்டு விழாவைக் குறை சொல்லப் பலர் நாவசைப்பர். நாம் அதிகம் சொல்ல மாட்டோம். மொத்தக் கடனில் அது ஆறில் ஒரு பங்கு, மருத்துவமே பாதி.

இங்கு ஒன்றை மறைக்காமல் கூற வேண்டும். ஐந்து வட்டிக்குக் கொடுத்தவர் வேற்றுத் தெருவினர் அல்லர். நம்மவரே. நம்முள் அரசு ஊதியம் பெறும் சிலர், சேமித்த பணத்தை மூன்று வட்டிக்கும் ஐந்து வட்டிக்கும் நம் தெருவிலேயே விடுகின்றனர். இடஒதுக்கீட்டின் வழியே கிடைத்த ஊதியம், கூலிக்காரத் தாயின் வளையலை அடகுக் கடைக்கு அனுப்பும் கருவியாவதை இச்சங்கத்தின் மேடையில் சொல்லாமல் வேறெங்குச் சொல்வது? இதனால் நம்மீது சிலர்க்கு வருத்தம் வரும். நாமும் தூயவர் அல்லோம். தங்கை திருமணத்துக்கு வாங்கிய கடனை மறைத்து, உடன் பணியாற்றிய ஒருவருக்கு ஜாமீன் கையெழுத்திட்டு, இரண்டையும் ஏழாண்டு கட்டியவர்தாம். கணக்கு ஆசிரியரான நாம் ஏட்டில் எழுதிப் பார்க்காத ஒரே கணக்கு அது.

சட்டம் நம் பக்கம் இல்லாமலில்லை. மிகை வட்டியைத் தடை செய்து 2003-இல் தமிழ்நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எனும் பெயர்கள் அச்சட்டத்திலேயே உள்ளன. அவ்வளவு இருந்தும் 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டித் தொல்லைக்கு மனு மேல் மனு கொடுத்துச் சலித்த ஒரு குடும்பம் சிறு பெண் குழந்தைகளுடன் உயிரை விட்டது. கட்டாய வசூலைத் தடுக்க 2025-இல் மற்றொரு சட்டம் வந்திருக்கிறது. குழுக் கடனைப் பொறுத்தவரை, ரிசர்வ் வங்கியின் 2022 நெறிமுறைகளைத் தாய்மார்கள் அறிந்திருத்தல் நன்று. ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகும்படி கடன் தரக் கூடாது; முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கூடாது; காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் கேட்டு நச்சரிக்கக் கூடாது. கைப்பேசிச் செயலியில் கடன் வாங்கும் இளைஞர்கள் கவனிக்க: உம் தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி கேட்கும் செயலியைத் தொடவே வேண்டா.

கல்விக்காக வாங்கும் கடன் தனி வகை. சுயநிதிக் கல்லூரியில் பயிலும் ஆதி திராவிட மாணவரின் கட்டணத்தை அரசே ஏற்க 2012-இல் அரசாணை எண் 92 பிறப்பிக்கப்பட்டது. ஆனால் உதவித்தொகை வருமுன் கல்லூரி பணம் கேட்கும். அந்த இடைவெளியில்தான் வட்டி நுழைகிறது. சேர்க்கைக்கு முன் நம் சங்கத்துக்கு வந்து கேட்டால், எழுத வேண்டிய மனுவை எழுதித் தருவோம்.

அக்குடும்பத்துக்கு நாம் செய்தது மிகச் சிறிது. அடகுக் கடை நகையை மீட்க, சங்க உறுப்பினர் ஐவர் 25,000 ரூபாயை ஒரு நாள் கைமாற்றாகத் தந்தனர். நகை கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குச் சென்றது. பொன் விலை ஏறியிருந்ததால் அதே நகைமேல் 65,000 கிடைத்தது. கைமாற்று அன்று மாலையே திரும்பியது. ஐந்து வட்டிக் கடன் மறுநாள் அடைந்தது. மாதம் 2,500 கட்டிய இடத்தில் இப்போது வட்டி 550-க்குள். மற்றக் கடன்கள் இன்னும் இருக்கின்றன. மகன் அவ்வாண்டு பள்ளிக்குத் திரும்பவில்லை. தண்டலை அடைக்கத் தந்தையுடன் கட்டட வேலைக்குச் சென்றவன் அங்கேயே நின்றுவிட்டான். தனித்தேர்வு எழுத இவ்வாண்டு பணம் கட்டியிருக்கிறான். தங்கை, பொங்கலுக்கு மறுவாரம் பெயர் அழைத்தபோது, மூன்றாம் வரிசையிலிருந்து "உள்ளேன் ஐயா" என்றாள்.

வரும் ஞாயிறு மாலை 4 மணி முதல் நம் சங்க வாசகசாலையில் நாமும் பட்டதாரி இளைஞர் இருவரும் இருப்போம். குழு அட்டை, தண்டல் அட்டை, அடகுச் சீட்டு எதுவாயினும் எடுத்து வருக. யாரிடம் வாங்கியது என்று நாம் கேட்க மாட்டோம். எவ்வளவு, என்ன வட்டி, எத்தனை மாதம் ஆயிற்று என்று மட்டுமே கேட்போம். எழுதத் தெரியாதவர்கள் தம் பிள்ளையை உடன் அழைத்து வருக, பிள்ளையே எழுதட்டும். குறிப்பேடுகளைச் சங்கம் வாங்கி வைத்திருக்கிறது.