மீன்சந்தையடியில் இருந்த பெண்கள்

(எமது வானொலியில் ஒலிபரப்பான பேச்சின் எழுத்து வடிவம்)



நான் ஒரு முதியோர் இல்லத்தில் இரவு வேலை செய்கிறேன். என்னோடு வேலை செய்பவர் ஒரு லைபீரியப் பெண். மேற்கு ஆபிரிக்காவில், சியரா லியோனுக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய நாடு லைபீரியா. நாங்கள் இருவரும் போரால் ஊரை விட்டு வந்தவர்கள். அதனால் தேநீர் குடிக்கும் நேரங்களில் கதை அடிக்கடி அந்தப் பக்கம் போகும். அவர் சொன்ன ஒரு விடயம்தான் இன்றைய பேச்சுக்குக் காரணம்.

லைபீரியாவில் 1989 இன் இறுதியில் போர் தொடங்கியது. இடையில் சிறிது ஓய்ந்து 1999 இல் மீண்டும் மூண்டது. சின்னப் பிள்ளைகளின் கைகளில் துப்பாக்கி. பெண்கள் பட்ட பாட்டை நான் விபரிக்கத் தேவையில்லை, உங்களுக்கு விளங்கும்.

இந்த நிலையில்தான் லேமா குபோவீ என்ற பெண் முன்னுக்கு வந்தார். அவரும் ஒருகாலம் கானா நாட்டில் அகதியாக இருந்தவர், பிள்ளைகளின் தாய். போரில் ஈடுபடுத்தப்பட்ட சிறுவர்களுக்கு உளவள ஆலோசனை வழங்கியவர். கிறிஸ்தவப் பெண்களை அவர் திரட்டினார். காவல்துறை அதிகாரியான அசாத்து பா கெனத் என்பவர் முஸ்லிம் பெண்களைச் சேர்த்தார். தோட்டா மதம் பார்த்து வருவதில்லை என்பதே அவர்கள் சொன்ன நியாயம்.

அவர்கள் வேலை செய்த விதத்தைக் கவனியுங்கள். வெள்ளிக்கிழமை பள்ளிவாசல், சனிக்கிழமை சந்தை, ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் என்று போய்ப் போய்ப் பேசினார்கள். எழுத்து வாசிக்கத் தெரியாத பெண்களுக்காகப் படம் வரைந்த துண்டுப் பிரசுரங்கள் கொடுத்தார்கள். இவ்வளவும் செய்த பிறகுதான், 2003 ஏப்ரலில், தலைநகர் மொன்றோவியாவில் மீன்சந்தைக்கு அருகே உள்ள வெளியில் போய் இருந்தார்கள். சனாதிபதி சார்ள்ஸ் ரெய்லரின் வாகனங்கள் போய்வரும் பாதை அது. எல்லோருக்கும் வெள்ளை உடுப்பு. நகை இல்லை, பூச்சு இல்லை. வெயிலிலும் மழையிலும் அங்கேயே இருந்தார்கள். ஏப்ரல் 23 ஆம் திகதி ரெய்லர் அவர்களைச் சந்தித்தார். சமாதானப் பேச்சுக்குப் போகவேண்டும் என்ற கோரிக்கையை நேருக்கு நேர் சொன்னார்கள்.

யூன் மாதம் கானாவின் தலைநகர் அக்ராவில் பேச்சு தொடங்கியது. பெண்கள் காசு சேர்த்து ஒரு குழுவை அங்கேயும் அனுப்பினார்கள். வாரங்கள் போயின, முடிவு வரவில்லை. பேச வந்தவர்கள் நல்ல விடுதிகளில் இருக்க, மொன்றோவியாவில் செல் விழுந்துகொண்டிருந்தது. யூலையில் ஒருநாள் பெண்கள் மண்டபத்து வாசலை அடைத்துக் கைகோர்த்து இருந்துவிட்டார்கள். உடன்பாடு வராமல் ஒருவரும் வெளியே போகமுடியாது என்றார்கள். கைதுசெய்ய ஆட்கள் வந்தபோது குபோவீ தன் உடையைக் களையத் தொடங்கினார். ஒரு தாய் அப்படிச் செய்வது அந்த மண்ணில் பெரிய சாபம். எல்லோரும் பின்வாங்கினார்கள். நடுவராக இருந்த நைஜீரியாவின் முன்னாள் ஆட்சியாளர் அப்துல்சலாமி அபுபக்கர் பெண்களோடு பேச வந்தார்.

ஓகஸ்ட் 11 இல் ரெய்லர் பதவி விலகினார். 18 இல் உடன்பாடு கையெழுத்தானது. பெண்கள் மட்டும்தான் போரை நிறுத்தினார்கள் என்று நான் சொல்லவில்லை. ரெய்லர்மீது சர்வதேச வழக்கு இருந்தது, அயல்நாடுகளின் அழுத்தமும் படையும் இருந்தன. ஆனாலும் அந்த வாசலில் பெண்கள் இருந்திராவிட்டால் பேச்சு இன்னும் இழுபட்டிருக்கும்.

கையெழுத்தோடு அவர்கள் வீட்டுக்குப் போய்விடவில்லை. 2005 தேர்தலுக்கு முன் சந்தைப் பெண்களிடம் போய், "நீங்கள் போய்ப் பதிந்துவிட்டு வாருங்கள், கடையையும் குழந்தையையும் நாங்கள் பார்க்கிறோம்" என்றார்கள். அந்தத் தேர்தலில் வென்ற எலன் ஜோன்சன் சேர்லீவ் ஆபிரிக்காவில் மக்கள் தேர்ந்தெடுத்த முதல் பெண் சனாதிபதி. 2011 இல் அவருக்கும் குபோவீக்கும் யேமன் நாட்டுப் பெண் ஒருவருக்கும் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

கிராமங்களில் ஆண் பெரியவர்கள் கூடி வழக்குத் தீர்க்கும் கொட்டில் ஒன்று வழமையாக இருக்கும். பெண்கள் தங்களுக்கும் அப்படி அமைத்து, சமாதானக் குடில் என்றார்கள். அடிக்கின்ற கணவன், பிள்ளைக்குச் செலவு கொடுக்காத தகப்பன், காணிச் சண்டை எல்லாம் அங்கே வரும். வல்லுறவு போன்ற குற்றங்களைப் பேசி மூடாமல் பொலிசிடம் கொடுப்பார்கள். குபோவீ 2012 இல் தொடங்கிய அமைப்பு பெண்பிள்ளைகளின் படிப்புக்கு உதவியது. எல்லாம் தீர்ந்துவிட்டது என்றும் இல்லை. 2020 இல் பாலியல் வன்முறைக்கு எதிராக மொன்றோவியாவில் மக்கள் தெருவில் இறங்கவேண்டி வந்தது.

இனி என்னுடைய கதை. என் பெரியக்காவின் மகன் 2009 இல் காணாமல் போனவன். 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் தாய்மார் போராட்டம் தொடங்கியபோது அக்காவும் போய் இருந்தா. நான் தொலைபேசியில், "அக்கா, உங்களுக்குச் சுகமில்லை. வெயிலுக்க இருந்து என்ன கிடைக்கப் போகுது? வீட்டை போங்கோ" என்று சொன்னேன். ஒருமுறை அல்ல, பலமுறை சொன்னேன். அக்கறையில்தான் சொன்னேன் என்று நினைத்திருந்தேன்.

இதை என் லைபீரியத் தோழிக்குச் சொன்னபோது அவர் கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: 2003 இல் அவர் கானாவில் புடுபுராம் அகதி முகாமில் இருந்தவராம். மொன்றோவியாவில் இருந்து வந்த பெண்களோடு சேர்ந்து முகாமில் இருந்த பெண்களும் அக்ராவுக்குப் போய் இருந்தார்களாம். "தப்பி வந்த எங்களுக்கு அங்க என்ன வேலை எண்டு சிலபேர் கேட்டவை. வெளியில இருக்கிற நாங்கள் போகாட்டி ஆர் போறது?" என்றார்.

அவர்கள் கேட்டதற்குப் பதில் கிடைத்தது. எங்கள் தாய்மார் கேட்டதற்குக் கிடைக்கவில்லை. இரண்டும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்று காலை வேலை முடிந்து வந்து அக்காவுக்கு எடுத்தேன். வீட்டை போங்கோ என்று சொல்லவில்லை. "இண்டைக்கு ஆர் ஆர் வந்தவை, அக்கா?" என்று கேட்டேன். அக்கா ஒவ்வொரு தாயின் பெயராக, ஒவ்வொரு பிள்ளையின் பெயராகச் சொன்னா. ஒரு மணித்தியாலம் சென்றது. ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன்.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் அப்படிப் பேசக் காத்திருக்கும் ஒரு அக்காவோ, அம்மாவோ, மாமியோ இருக்கலாம். இன்றைக்கு எடுத்துக் கேளுங்கள். உங்கள் பெண்பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்துங்கள்.