பண்டிகைச் சாப்பாடும் ஈரக் கொழுந்தும்

(தீபாவளிக்கு முன்னர் செங்கலடியில் நடந்த தொழிலாளர் குடும்ப ஒன்றுகூடலில் சங்கத்தின் மாதர் பிரிவு சார்பில் ஆற்றிய உரை)



பேராதனையில் புறப்படும் ஏ5 வீதி நுவரெலியா, பதுளை, பிபிலை, மகாஓயா என்று இறங்கி நமது செங்கலடியில்தான் வந்து முடிகிறது. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையிலிருந்து மட்டக்களப்புப் பக்கம் வந்து குடியேறிய குடும்பங்கள் இங்கே இருக்கிறீர்கள். தீபாவளிக்குச் சொந்தங்கள் பஸ் ஏறி வருவதும் இந்த வீதியால்தான். வரும்போது கையில் தேயிலைப் பக்கற்று, திரும்பும்போது தயிர்ச் சட்டியும் கருவாடும். அந்தச் சந்தோசத்தைக் குறைக்க நாங்கள் வரவில்லை.

ஆனால் இந்த வருடம் நம்மில் பல பேர் சீனி வருத்தத்துக்கும் பிரசருக்கும் கிளினிக் போய், வைத்தியர் சொன்னபடி எடையைக் குறைக்கப் பாடுபட்டிருக்கிறோம். சாயத்தண்ணியில் சீனியைக் குறைத்தோம், பின்னேரத்தில் நடந்தோம். மூன்று கிலோ, நாலு கிலோ இறங்கியவர்கள் இருக்கிறார்கள். இப்போது அவர்களுக்கு ஒரு பயம்: தீபாவளி முடிந்தால் எல்லாம் திரும்பி வந்துவிடுமா?

கொழுந்து எடுத்தவர்களுக்கு இதற்கு விடை தெரியும். மழை நாளில் கொழுந்து நிறை கூடுதலாகக் காட்டும். அது இலையின் நிறை அல்ல, தண்ணீரின் நிறை. தண்ணீருக்கென்றும் சாக்குக்கென்றும் கிலோக் கணக்கில் வெட்டியபோது தராசடியில் நின்று சண்டை பிடித்தவர்கள் நாம். பண்டிகைக்கு மறுநாள் நம் உடம்பும் ஈரக் கொழுந்துதான். சோறு, பலகாரம் என்று மாச்சத்தைக் கூடுதலாகச் சாப்பிட்டால், உடம்பு அதில் ஒரு பகுதியைச் சேமித்து வைக்கும். அப்போது ஒரு பங்கு மாச்சத்தோடு ஏறக்குறைய மூன்று பங்கு தண்ணீரையும் சேர்த்துப் பிடித்து வைக்கும். உப்பும் தண்ணீரைப் பிடிக்கும். ஒரு கிலோ கொழுப்பு சேர்வதற்கு, வழமையான சாப்பாட்டுக்கு மேலே 7,000 கலோரிக்கும் கூடுதலாக வேண்டும். ஒருநாள் விருந்தில் அவ்வளவு சாப்பிட நம்மால் முடியாது. ஆகவே மறுநாள் தராசில் இரண்டு கிலோ கூடிக் காட்டினால், "எல்லாம் போச்சு" என்று கைவிட வேண்டாம். வழமைக்குத் திரும்பிச் சில நாள் போனால் அதில் பெரும்பகுதி தானாக இறங்கும்.

இறங்காத பகுதியைப் பற்றித்தான் கவனம் வேண்டும். அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், வருடக் கடைசிப் பண்டிகைக் காலத்தில் ஆட்களுக்குக் கூடியது சராசரியாக அரைக் கிலோவுக்கும் குறைவு. அது சின்னக் கணக்குத்தான். ஆனால் அடுத்து வந்த மாதங்களில் அந்தச் சின்னக் கணக்கு இறங்கவில்லை. பத்துத் தீபாவளியைக் கூட்டிப் பாருங்கள்.

அதனால் இந்த மாதம் எடையைக் குறைக்கப் பார்க்க வேண்டாம். கூடாமல் வைத்திருந்தால் போதும். சென்னையில் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2006இல் வெளியானது. சாப்பாட்டையும் நடையையும் ஒழுங்குபடுத்தியவர்களுக்கு எடை பெரிதாக இறங்கவில்லை. அப்படியிருந்தும் நோய் வரும் வாய்ப்பு நாலில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது.

இனிமேல்தான் கஷ்டமான விசயம். நம் வீடுகளில் "போதும்" என்று சொல்வது லேசில்லை.

"இன்னும் ரெண்டு இட்லி வைக்கட்டா?"

"போதும் மாமி."

"ஏன், எங்க வீட்டுச் சாப்பாடு பிடிக்கலையா?"

இதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவர் யாராவது இருக்கிறீர்களா? இருக்க மாட்டீர்கள். அந்த மாமியைக் குறை சொல்லவும் ஏலாது. 1973, 74இல் தோட்டங்களில் அரிசியும் மாவும் கிடைக்காமல் மரவள்ளியும் கீரையும் தின்று கிடந்த காலத்தைப் பார்த்தவர்கள், அல்லது பார்த்தவர்களின் பிள்ளைகள் அவர்கள். அந்தப் பசியில் செத்தவர்களும் உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் நிறைந்த தட்டு என்றால் அது மரியாதை. தாய் வயிற்றில் பட்டினி கிடந்து நிறை குறைவாகப் பிறந்த பிள்ளைகளுக்கு, வளர்ந்த பிறகு சீனி வருத்தம் வரும் வாய்ப்புக் கூட என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். அன்றைய பசியும் இன்றைய சீனியும் ஒரே கதையின் இரண்டு பக்கம்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17.3 வீதம், தோட்டப்புறத்தில் 31.7 வீதம். ஆகவே "சாப்பாட்டைக் குறையுங்கள்" என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போக எங்களால் முடியாது. ஒரே வீட்டில் அம்மாயிக்குச் சீனி, பேரப்பிள்ளைக்கு நிறை போதாது. பானை ஒன்றாக இருக்கட்டும், தட்டு ஆளுக்கு ஆள் மாறட்டும். பிள்ளைகளுக்கும், பிள்ளைத்தாச்சிகளுக்கும், பால் கொடுக்கும் தாய்மாருக்கும் இறைச்சியும் முட்டையும் வாவி மீனும் தாராளமாக வையுங்கள். எடை குறைக்க வேண்டியவர் தட்டில் பாதி மரக்கறியும் கீரைச் சுண்டலும், கால்பங்கு மீன் அல்லது இறைச்சி, மிச்சக் கால்பங்கு சோறு. மரக்கறியையும் மீனையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தால் இரத்தத்தில் சீனி ஏறுவதும் குறையும்.

"ஏன் பிடிக்கலையா" என்ற கேள்விக்கு நாங்கள் ஒரு ஒப்பந்தம் முன்வைக்கிறோம். சங்கத்தில் எத்தனையோ ஒப்பந்தம் பார்த்தோம், இதற்குச் செலவே இல்லை. இந்தத் தீபாவளிக்கு எந்த வீட்டிலும் இரண்டாம் தரம் வற்புறுத்திப் பரிமாறுவதில்லை. ஒருமுறை கேட்போம், "போதும்" என்றால் விட்டுவிடுவோம். சாப்பிடுகிறவர் மட்டும் மனதைக் கட்டிக்கொண்டு தனியாகப் போராடினால் தோற்றுப் போவார். பரிமாறுகிற கையும் சேர்ந்தால்தான் இது நடக்கும்.

பலகாரத்தை மேசையில் திறந்து வைக்காமல் ரின்னில் போட்டு மூடி, ஆள் வந்தால் எடுங்கள். போகவரும்போது ஒவ்வொன்றாகக் கை வைப்பதுதான் விருந்தைவிடக் கூடுதலாகச் சேர்க்கிறது. சோடாப் போத்தலில் 2016 முதல் நிறக் குறியீடு இருக்கிறது. சிவப்பு என்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி. அந்தக் கணக்கில் 400 மில்லிலீற்றர் போத்தல் குறைந்தது ஒன்பது, பத்துத் தேக்கரண்டி. வந்தவர்களுக்குத் தேசிக்காய்த் தண்ணி கொடுத்தால் யாரும் கோபிக்க மாட்டார்கள். விருந்துக்குப் பிறகு பாயைத் தேடாமல் கால் மணித்தியாலம் நடந்துவிட்டு வாருங்கள். சொந்தங்களோடு பேசிக்கொண்டே நடக்கலாம்.

விரதம் பிடிக்கும் பெண்களுக்குத் தனியாக ஒன்று. கேதார கௌரி விரதம் 21 நாள் ஓடித் தீபாவளியை ஒட்டித்தான் முடிகிறது. அடுத்து ஆறு நாள் கந்தசஷ்டி. பகல் முழுக்க வெறும் வயிறு, இரவில் ஒரேயடியாகச் சாப்பாடு என்றால் எடையும் இறங்காது, சீனியும் ஏறி இறங்கும். கிளிக்கிளசைட் போன்ற குளிசையோ இன்சுலினோ எடுப்பவர்கள் பட்டினி கிடந்தால் ஆபத்து. விரதத்துக்கு முன்னரே கிளினிக்கில் கேட்டுக் குளிசையின் நேரத்தையும் அளவையும் மாற்றிக்கொள்ளுங்கள். உடம்பு வியர்த்துக் கை நடுங்கித் தலை சுற்றினால் விரதத்தைப் பார்க்காமல் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். சாமி கோபிக்காது. ஆண்களுக்கும் இதுவே: குளிசை போட்டுவிட்டு வெறும் வயிற்றில் சாராயம் குடித்தால் இதே மயக்கம் வரும், பக்கத்தில் இருப்பவர் அதை வெறி என்று நினைத்து விட்டுவிடுவார்.

தீபாவளி முடிந்து பத்தாம் நாள் இதே இடத்தில் தராசும் அளவு நாடாவும் வைத்திருப்போம். அதற்கிடையில் ஈரம் காய்ந்திருக்கும். இடுப்பளவு பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர், ஆண்களுக்கு 90க்குள் இருக்கிறதா என்றும் பார்ப்போம். வரும்போது கிளினிக் கொப்பியைக் கொண்டு வாருங்கள். பலகாரம் மிஞ்சினால் அதையும் கொண்டு வாருங்கள், பிள்ளைகள் இருப்பார்கள்.