மலையைக் கணக்கிடுவோர் யார்?

(கண்டியில் பட்டதாரிகளும் விவசாயிகளும் கூடியிருந்த கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



கலாநிதிப் பட்ட ஆராய்ச்சி பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தனர். இச்சபையிற் பாதிப்பேர் மண்வெட்டி பிடித்த கையினர் என்பது எனக்கு மகிழ்ச்சியே. இப்பொருள் முதலில் அவர்களுக்குரியது.

1869ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதிக் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் தூள் படிந்தது. பேராதனைப் பூந்தோட்டத்தின் தலைவர் துவெயிற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்ப, அது ஒரு பூஞ்சணம் என அறியப்பட்டது. அதனை ஆழ்ந்து ஆராய மார்ஷல் வார்ட் என்னும் இளைஞர் வந்ததோ 1880இல். காற்று வித்திகளைச் சுமந்து செல்வதையும், ஈரமான இலையில் அவை முளைப்பதையும், மலை மலையாக ஒரே பயிரை இடைவெளியின்றி நட்டதே நோய்க்கு இராசபாட்டையானதையும் அவர் விளக்கினார். விளக்கம் வந்தபோது வேளை கடந்துவிட்டது. கோப்பி அழிந்தது. தேயிலைக்கு மாறிய துரைமார் பிழைத்தனர். கோப்பியை நம்பிக் கடல் கடந்து வந்த தொழிலாளரின் இழப்பை எந்த ஏட்டில் எவர் எழுதினார்?

இன்று வரும் மாற்றம் ஒரு பயிரோடு நிற்பதன்று. 1958ஆம் ஆண்டு என்றால் நமக்கு வேறு நினைவுகள் எழும். அதே ஆண்டில்தான் ஹவாய்த் தீவின் மலையொன்றில் வளிமண்டலக் காபனீரொட்சைட்டைத் தொடர்ந்து அளக்கத் தொடங்கினர். அன்று பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 315 பங்கு. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. இதனால் நமது மலைக்கும் வயலுக்கும் என்ன நேரும் என்று முன்கூட்டியே கணக்கிடுவதற்கான கருவியே சூழற்றொகுதி மாதிரி.

மாதிரி என்றதும் மிரள வேண்டாம். அது வரவு செலவுக் கணக்குத்தான். ஒரு சரிவில் பெய்யும் மழையில் இலை தாங்குவது எவ்வளவு, வேர் குடிப்பது எவ்வளவு, மண்ணுள் இறங்குவதும் ஓடையில் ஓடுவதும் எவ்வளவு என்பவற்றைச் சமன்பாடுகளாக்கிக் கணினியிடம் கொடுக்கின்றனர். பின்னர், வெப்பம் இரண்டு பாகை ஏறினால் தேயிலை என்னாகும், கைவிட்ட தோட்டத்தில் காடு வளர்த்தால் பொல்கொல்லைக்கும் விக்டோரியாவுக்கும் வரும் நீர் என்னாகும் என்று வினவுகின்றனர். விடை, நிலத்தில் அளந்த அளவோடு ஒத்துவந்தாலன்றி அதனை நம்புவதற்கில்லை.

இங்கேதான் சிக்கல். உலக மாதிரிகள் பலவற்றில் ஒரு கட்டம் ஏறத்தாழ நூறு கிலோமீற்றர் அகலமுடையது. நாவலப்பிட்டியின் அடைமழையும், மழை குறைந்த தெல்தெனியாவும், நக்கிள்ஸ் மலையும் அவ்வொரு கட்டத்துள் மறைந்துவிடும். இச்சிறு தீவையே 46 விவசாயச் சூழலியல் வலயங்களாக வகுத்துள்ளனர். ஆகவே, இம்மலைக்குரிய மாதிரியை இம்மலையில் நின்றே ஆக்கவேண்டும்.

ஆக்குவோர் யார் என்பதே என் கேள்வி. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்னரே எச்சரித்திருந்தது. அறிவு இருந்தது, போவதற்கு நிலம் இருக்கவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயல் கண்டியையும் நுவரெலியாவையும் பதுளையையும் சிதைத்தது. இனி எச்சரிவில் குடியிருக்கலாம், எத்தேயிலையைப் பிடுங்கலாம் என்பதை மாதிரிகள் சொல்லும். அரசு அதைக் கேட்கும். அக்கணக்கில் மரமும் மண்ணும் நீரும் இடம்பெற்று லயம் மட்டும் விடுபட்டால், அதனைச் சுட்டிக்காட்ட அந்த மேசையில் நம்மவர் ஒருவராவது இருக்கவேண்டாமா?

வாய்ப்பு தொலைவில் இல்லை. பேராதனையில் பட்டப்பின் விவசாய நிறுவகம் 1975 முதலும், பட்டப்பின் விஞ்ஞான நிறுவகம் 1996 முதலும் இயங்குகின்றன. ஹந்தானையில் தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் உண்டு. தேசிய விஞ்ஞான மன்றம் பேராசிரியர்களுக்கு வழங்கும் ஆராய்ச்சி மானியத்தில் உதவியாளராகச் சேர்ந்து, முதுதத்துவமாணிக்கோ கலாநிதிக்கோ பதிவு செய்துகொள்ளலாம். வெளிநாடு செல்ல விரும்புவோருக்குக் கொமன்வெல்த் புலமைப்பரிசில் உண்டு. இத்துறைக்குத் தாவரவியலை விடக் கணிதமே பெரிய மூலதனம். கேம்பிரிட்ஜில் டிராக்கிடம் பயின்ற எலியேசரைத் தந்த சமூகத்துக்குக் கணிதம் அந்நியமானதன்று.

தடை வேறிடத்தில் இருக்கிறது. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டோரின் பேரப்பிள்ளைகள் சிறப்புப் பட்டம் பெற்றதும் வீட்டுக்குச் சம்பளம் கொண்டுவர வேண்டியவராகின்றனர். மானியம் இடையில் முடிந்தால் ஆராய்ச்சியும் முடிந்தது. கண்டியில் வைத்தியராயும் பொறியியலாளராயும் சட்டத்தரணியாயும் உள்ள அன்பர்கள் பத்துப்பேர் சேர்ந்தால் ஒரு மாணவனை நான்கு ஆண்டு தாங்கலாம். கோயில் திருவிழாவுக்குப் பணம் சேர்க்கத் தெரிந்தவர்களுக்கு நான் வழி சொல்லவேண்டியதில்லை.

விவசாயப் பெருமக்களிடமும் தோட்டத்து அன்பர்களிடமும் வேறொன்று கேட்கிறேன். மழை அளந்து எழுதிய பழைய கொப்பிகள் உங்கள் வீட்டுப் பரணிலோ தோட்டக் கந்தோரின் அலுமாரியிலோ கிடக்கலாம். கறையான் அரித்திருந்தாலும் எறியவேண்டாம். ஓர் ஆராய்ச்சி மாணவனுக்கு அது பொன். கூட்டம் முடிந்ததும் வாசலருகே இரு மாணவர்கள் மேசை போட்டு அமர்ந்திருப்பார்கள். எந்தத் தோட்டம், எத்தனை ஆண்டுக் கணக்கு என்பதை அவர்களிடம் சொல்லிச் செல்லுங்கள்.