போய்வர இடம் வேண்டும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் 1966-ஆம் ஆண்டு இயந்திரவியல் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



பேச்சு முடிந்து கேள்வி கேட்பவர்கள் தயவுசெய்து உரக்கக் கேளுங்கள். எனக்குக் காது மந்தம். இருபத்தெட்டு வருஷம் கடற்படையில், பத்து வருஷம் தொழிற்சாலைகளில், கொதிகலனுக்கும் டர்பைனுக்கும் பக்கத்திலேயே வாழ்ந்தவனுக்கு இது ஆச்சரியமில்லை. 85 டெசிபலுக்கு மேல் சத்தமுள்ள இடத்தில் நாள்தோறும் வேலை செய்யப்போகும் பிள்ளைகள் காதுக்கு மூடி போட்டுக்கொள்ளுங்கள். போன காது திரும்பி வராது.

படிப்பு முடிந்து கடற்படையில் சேர்ந்ததும் லோனாவாலாவில் உள்ள ஐ.என்.எஸ். சிவாஜியில்தான் பயிற்சி. கப்பல் பொறியாளர்களுக்கு அதுதான் தாய்வீடு. பின்னாளில் நாங்கள் அடிக்கடி கேட்ட கதை விக்ராந்த் கப்பலுடையது. 1971 போரின்போது அதன் நான்கு கொதிகலன்களில் ஒன்றில் விரிசல். முழு வேகம் எடுக்க முடியாது. ஆனாலும் டிசம்பர் 4-ஆம் தேதி வங்காள விரிகுடாவிலிருந்து அதன் விமானங்கள் பறந்து காக்ஸ் பஜாரைத் தாக்கின. எந்தப் பொருள் எவ்வளவு தாங்கும் என்று தெரிந்த பொறியாளர்கள் கீழே இருந்ததால் அது நடந்தது.

2004-இல் முழு ஓய்வு. வீட்டில் நாலு பேர் பேசினால் பாதி காதில் விழாது. சிரித்தால் நானும் சிரித்து வைப்பேன். அப்படியே ஓர் ஓரமாக ஒதுங்க ஆரம்பித்தேன். அந்தச் சமயத்தில் வீட்டுக்குக் கதவு செய்ய ஒரு தச்சு மேஸ்திரி வந்தார். அவர் இழைப்புளி ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மறுநாள் ஒன்றை என் கையில் கொடுத்தார். "சத்தத்தைக் கேளுங்க சார், உளி கூரா இருக்கான்னு அதுவே சொல்லும்" என்றார். கேட்காது என்றேன். "அப்ப உள்ளங்கையில வாங்கிக்குங்க" என்றார். அன்று முதல் அவர் எனக்கு வாத்தியார்.

சட்டத்தில் காடி எடுத்து, அதில் பலகையைச் சொருகும்போது ஒன்று சொன்னார்: "காடியில பசை வைக்கக் கூடாது சார். ஐப்பசி மழைக்குப் பலகை ஊதும், சித்திரை வெயிலுக்குச் சுருங்கும். போய்வர இடம் வேணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பத்து மீட்டர் நீராவிக் குழாய் 400 டிகிரி சூடேறினால் சுமார் ஐந்து சென்டிமீட்டர் நீளும். இரு முனையையும் இறுக்கிக் கட்டினால் இணைப்பைப் பிய்த்துவிடும். அதனால்தான் நடுவில் வளைவு கொடுக்கிறோம். தேக்குப் பலகையும் அப்படியே. நீளவாட்டில் அசையாது என்றே சொல்லலாம். ஆனால் அகலவாட்டில், ஓரடிப் பலகை மழைக்கும் வெயிலுக்கும் இரண்டு மில்லிமீட்டர் கூடக் குறையும். நான் கணக்குப் போட்டுத் தெரிந்துகொண்டதை அவர் கதவு போட்டே தெரிந்துகொண்டிருந்தார்.

மேஸ்திரி இப்போது இல்லை. அவர் பிள்ளைகள் இருவரும் இந்தத் தொழிலுக்கு வரவில்லை. அவர் கையில் இருந்ததில் பாதிதான் என் கைக்கு வந்தது. என் கையும் இப்போது நடுங்க ஆரம்பித்துவிட்டது.

எனவே ஒரு வேண்டுகோள். அவர் எனக்குக் கொடுத்ததும் நான் வாங்கியதுமாக உளி, இழைப்புளி, ரம்பம், கொட்டாப்புளி எல்லாவற்றையும் நம் கல்லூரி ஒர்க்‌ஷாப்புக்குத் தருகிறேன். ஒரே ஒரு நிபந்தனை. கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டக் கூடாது. மாதம் ஒரு சனிக்கிழமை, முதலாண்டுப் பிள்ளைகள் பத்துப் பேர் வந்தால் போதும், நான் வருகிறேன். வேலையில் இருக்கும் ஒரு தச்சரையும் கூலி கொடுத்து, நாற்காலி போட்டு, வாத்தியாராக உட்கார வைப்போம். அந்தக் கூலியை எங்கள் 66-ஆம் வருஷத்து வகுப்பு ஏற்றுக்கொள்கிறது.

கைதட்டல் எனக்குச் சரியாகக் கேட்காது. சனிக்கிழமை வந்து நில்லுங்கள், கண் நன்றாகத் தெரிகிறது.